எங்கள் தெருமுனைப் பப்பைப் புதுப்பித்த கதை: வழக்கமாக வந்தவர்களிடம் நான் கேட்கத் தவறியவை

தெற்கு இலண்டனில், குரோய்டனுக்கு அருகே, வீடுகள் நிறைந்த ஒரு தெருவின் முனையில் இருக்கும் சிறிய பப் ஒன்றை நான் குத்தகைக்கு எடுத்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் வேறு பப்களில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி மேலாளர் பொறுப்பு வரை எல்லா வேலையும் பார்த்திருந்தேன் என்பதால், இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்று நம்பியிருந்தேன். மூன்றாம் ஆண்டில் 57,800 பவுண்டு செலவழித்து அந்தப் பப்பை முழுமையாகப் புதுப்பித்தேன். அடுத்த ஒன்பது மாதங்களில், பல ஆண்டுகளாக அங்கே வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேரை இழந்தேன். செய்தவற்றில் சிலவற்றைப் பழையபடி மாற்றுவதற்கு மேலும் 8,300 பவுண்டு போயிற்று. இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு யாரும் இருக்கவில்லை. சிறு பப்போ உணவகமோ நடத்தும் நம்மவர்கள் பலர் இதே கட்டத்தை நெருங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

நான் எடுத்தபோது அது பார்வைக்குச் சோர்ந்துபோன இடமாகத்தான் இருந்தது. பூவேலைப்பாடு நிறைந்த பழுப்புக் கம்பளம், சுவரையொட்டி ஓடிய முதுகுயர்ந்த மர இருக்கைகள், ஓரத்தில் சிறு அம்புகளைக் கையால் வீசி ஆடும் டார்ட்ஸ் பலகை, ஐந்து நிமிடம் முந்தி ஓடும் ஒரு சுவர்க் கடிகாரம் ஆகியவை அங்கே இருந்தன. இங்கிலாந்தில் உள்ளரங்கில் புகைபிடிக்கத் தடை வந்தது 2007 ஜூலை 1 அன்று. அதற்கு முந்தைய காலத்துப் புகையின் மஞ்சள் நிறம் கூரையில் அப்படியே தங்கியிருந்தது. வாரத்துக்குச் சராசரியாக 7,500 பவுண்டு விற்பனை நடந்தது. வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் போக மிஞ்சுவது சொற்பம் என்றாலும் தொழில் நின்றுபோகும் நிலையில் இல்லை. தெருவில் புதிதாகக் குடிவந்த இளம் குடும்பங்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கண்டபோதுதான் புதுப்பித்தாக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வேர்விட்டது.

வாடிக்கையாளர்களின் கருத்தை நான் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் முழுவதும் கவுண்டரில் ஒரு படிவத்தை வைத்திருந்தேன். நாற்பத்தோரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் எழுதியது இரண்டே விஷயங்கள்: கழிவறையைச் சரிசெய்யுங்கள், மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆறேழு பேர் மட்டும் உயரமான மேசைகள், வெளிச்சமான சுவர்கள், காக்டெய்ல் பட்டியல் என்று விரிவாக எழுதியிருந்தார்கள். என் மனத்தில் ஏற்கெனவே இருந்த படத்தோடு அந்த ஆறேழு பேரின் எழுத்து பொருந்தியதால், அதையே எல்லோருடைய விருப்பமாகவும் எடுத்துக்கொண்டேன். இன்று இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு நான் சொல்வேன்: படிவத்தை வைப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், யார் எந்த இடத்தில் உட்காருகிறார்கள், எத்தனை கோப்பை குடிக்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தனக்கு ஓர் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை மனிதர்கள் எழுதிக் காட்டுவதில்லை. நாள் தவறாமல் வந்து அங்கேயே உட்காருவதில்தான் அது தெரியும்.

அடுத்தது காகித வேலை. என் பப் 'டை' எனப்படும் ஏற்பாட்டில் உள்ளது. அதாவது கட்டடத்தின் உரிமையாளரான நிறுவனத்திடமிருந்தே பியரையும் வாங்கியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய குத்தகைக்காரர்களுக்காக 2016 முதல் பப் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றைக் கண்காணிக்கத் தனி நடுவரும் இருக்கிறார். ஆனால் அந்த விதிகள் 500 அல்லது அதற்கு மேற்பட்ட 'டை' பப்களை வைத்திருக்கும் நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. என் உரிமையாளர் நிறுவனம் அந்த எண்ணிக்கைக்கு வெகு கீழே இருந்தது என்பதைக் கையெழுத்திட்ட பிறகே அறிந்தேன். உள்ளமைப்பை மாற்ற அவர்களின் வட்டார மேலாளர் வாய்மொழியாகச் சம்மதம் சொன்னார். நான் அதையே நம்பி வேலையைத் தொடங்கிவிட்டேன். பின்னர் அவர்களுடைய சர்வேயர் வந்து, கவுண்டரை இடம் மாற்றியதற்கு எழுத்துப்பூர்வமான அனுமதி எங்கே என்று கேட்டபோது என்னிடம் காட்ட எதுவும் இருக்கவில்லை. வேலை முடிந்த பின் அந்த அனுமதியைப் பெறுவதற்கு, அவர்கள் தரப்பு வழக்கறிஞரின் கட்டணத்தையும் சேர்த்து 1,900 பவுண்டு கட்டினேன். எழுத்தில் அனுமதி வராமல் ஓர் ஆணியையும் பிடுங்காதீர்கள். வேலைக்கு முன் கட்டடம் இருந்த நிலையை அறை அறையாகத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். நீங்கள் செய்த மேம்பாட்டைக் காரணம் காட்டி அடுத்த சீராய்வில் வாடகையை உயர்த்தக்கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். பட்டியலில் உள்ள கட்டடத்தின் உட்புறத்தை அனுமதியின்றி மாற்றுவது குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

கட்டுமான வேலையைக் குடும்ப நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். "மூன்றே வாரம், அண்ணா. நாற்பத்தைந்தாயிரத்துக்குள் முடித்துத் தருகிறேன்" என்றார். அந்த 45,000 வாட் வரி சேராத தொகை என்பது முதல் பில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாட் பதிவு உள்ள தொழில் என்பதால் அந்த 20 சதவீதத்தைக் காலாண்டுக் கணக்கில் திரும்பப் பெற முடிந்தது. ஆனால் அதுவரை 9,000 பவுண்டை எங்கிருந்தாவது புரட்டித்தான் ஆக வேண்டும். நான் கடன் அட்டையில் எடுத்தேன். இரண்டாவது வாரத்தில் கம்பளத்தைக் கிழித்தெடுத்தபோது கீழே கறுப்புப் பசையில் ஒட்டிய பழைய ஓடுகள் தெரிந்தன. வேலையாட்கள் உடனே கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். அத்தகைய ஓடுகளில் கல்நார், அதாவது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ், இருக்கக்கூடும். அது இந்த நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999 இல். 2000 க்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் அது இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். இடித்துப் புதுப்பிக்கும் வேலைக்கு முன் அதற்கென உள்ள ஆய்வைச் செய்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆய்வுக்கும் அகற்றுவதற்கும் 4,600 பவுண்டும் பதினாறு நாள்களும் போயின. சுவருக்குள் இருந்த மின்கம்பிகள் உளுத்துப்போயிருந்ததால் மேலும் 6,300 சேர்ந்தது.

இதோடு உரிமப் பிரச்சினையும் வந்தது. 2003 ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி பப்பின் மதுவிற்பனை உரிமத்தோடு ஒரு வரைபடம் இணைக்கப்பட்டிருக்கும். கவுண்டரை நகர்த்தினால் அந்த வரைபடமும் மாற வேண்டும். என்னுடையதைப் போன்ற சிறு மாற்றத்துக்கு 89 பவுண்டு கட்டி விண்ணப்பித்து, வாசலில் பத்து வேலைநாள்கள் வெள்ளைத் தாளில் அறிவிப்பு ஒட்டி, பதினைந்து வேலைநாள்களுக்குள் முடிவைப் பெறலாம். செலவு அற்பமானதுதான். ஆனால் புதிய கவுண்டரைக் கட்டிமுடித்த பிறகு விண்ணப்பித்ததால் அந்த மூன்று வாரங்களும் கதவைப் பூட்டிவைத்துக் காத்திருந்தோம். மூன்று வாரம் என்று தொடங்கியது எட்டு வாரமாயிற்று. வாடகை மட்டும் வாரம் 620 பவுண்டு தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் வேலை விவரம், வரி சேர்த்த தொகை, முடிக்க வேண்டிய தேதி மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள்; கடைசி 5 சதவீதத்தைக் குறைகள் சரியாகும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பாதிப் பணத்தை முதல் நாளே கொடுத்துவிட்டேன். பின்னர் கதவு இழுத்துக்கொண்டு நின்றபோது அவரைத் தொலைபேசியில் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

மீண்டும் திறந்த மாலை இன்றும் என் கண்முன் நிற்கிறது. சுவர்கள் வெளிர்சாம்பல், தரை பளபளக்கும் ஓடு, மர இருக்கைகள் போய் உயரமான மேசைகளும் முதுகில்லாத இருக்கைகளும், மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள். புதிய முகங்கள் நிறைய வந்திருந்தன. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கு, முன்பு பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். மனைவி இறந்த பிறகு நான்கு ஆண்டுகளாகக் கடிகாரத்துக்குக் கீழே இருந்த மூலை இருக்கையில் நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். வழக்கமான பியரை வாங்கிக்கொண்டு திரும்பினார். அவருடைய மூலையில் இப்போது காக்டெய்ல் குப்பிகளின் அலமாரி நின்றது. கண்ணாடிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். உயரமான இருக்கையொன்றின் அருகே போனார். அவருடைய முழங்காலுக்கு அதில் ஏற முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. சன்னல் ஓரமாக நின்றபடியே பாதியைக் குடித்தார். கோப்பையைக் கவுண்டரில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மிகவும் அழகாக இருக்கிறது" என்று சொல்லி என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

முதல் மாத விற்பனை நன்றாகவே இருந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. புதிதாக வந்தவர்கள் ஒருமுறை வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் மாதத்தில் வாரத்துக்கு 4,900 பவுண்டு என்று இறங்கியது. குறை சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை. கோபம் கொண்ட வாடிக்கையாளர் இருந்தால் பேசிச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. இங்கே ஒவ்வொருவராக மரியாதையோடு விலகிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை டார்ட்ஸ் குழு இரண்டு தெரு தள்ளி வேறொரு பப்புக்குப் போய்விட்டது. நான் பலகையைச் சுவரில் விட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் வீசும் கோடு பலகையின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு மேசையைப் போட்டிருந்தேன். பன்னிரண்டு பேரும் அவர்களுக்கு எதிராக ஆட வந்தவர்களும் சேர்ந்து, அவர்கள் வராவிட்டால் வெறிச்சோடியிருக்கும் ஒரு நாளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

பியரும் கெட்டது. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பெரும் நட்டம் இந்த வழியாகத்தான் வந்தது. பீப்பாயிலேயே நொதித்து முதிரும் ஏல் என்ற மரபுவழி பியர் உயிருள்ள பானம்; அதை 11 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியுள்ள நிலவறையில் வைத்துக் கைப்பம்பால் இறைத்துக் கொடுப்பார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே போகும். ஏறக்குறைய மூன்று நாளில் விற்றுத் தீர்க்க வேண்டும். வழக்கமான சிறு பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைண்ட்; ஒரு பைண்ட் என்பது ஒரு பெரிய கோப்பை. நாளொன்றுக்கு 24 பைண்ட் போனால்தான் கடைசிக் கோப்பையும் முதல் கோப்பையைப் போல் இருக்கும். அந்த ஏலைக் குடித்தவர்கள் பெரும்பாலும் என் பழைய வாடிக்கையாளர்கள். அவர்கள் குறைந்ததும் பீப்பாய் ஐந்து நாள், ஆறு நாள் என்று இழுத்தது, புளிப்பு ஏறியது, எஞ்சியிருந்தவர்களும் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். கைப்பம்பு நான்கையும் ஓட்டிக்காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தில் நான் வாரத்துக்கு ஒரு பீப்பாய்க்குக் குறையாமல் சாக்கடையில் ஊற்றினேன். விற்பனை குறையும்போது செய்ய வேண்டியது, பம்புகளைக் குறைத்து ஒன்றையோ இரண்டையோ புதிதாக வைத்திருப்பதுதான்.

அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. இரவு கணக்கை முடித்துவிட்டு, விளக்கை அணைத்து, அந்த வெறும் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். வீட்டில் சொல்லவும் மனம் வரவில்லை. நகையை அடகு வைத்துத்தான் முதல் தவணையைக் கட்டியிருந்தோம். ஒருநாள் மனைவியே பப்புக்கு வந்து ஓர் ஓரத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு இங்கே காது வலிக்கிறதுங்க. பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே புரியவில்லை" என்றாள். எட்டு வாரமும் அதற்குப் பிறகும் நாள்தோறும் அங்கேயே கிடந்த எனக்கு அது கேட்கவே இல்லை. கம்பளமும் திரைச்சீலையும் மெத்தை வைத்த இருக்கைகளும் ஓசையை உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஓடும் கண்ணாடியும் வெறும் சுவரும் அதைத் திருப்பி அடித்தன. இருபது பேர் பேசினால் அறுபது பேர் பேசும் இரைச்சல். காதுக் கருவி அணிந்தவர்கள் முதலில் விலகியது ஏன் என்று அப்போது புரிந்தது.

அடுத்த வாரமே பேருந்து ஓட்டுநர் பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். நான் வெட்கத்தை விட்டு, ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவர் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பைப் பற்றிச் சொன்னார். இலண்டன் மைடா வேலில் இருந்த அந்தப் பப்பை 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடித்துத் தள்ளிவிட்டார்கள். அக்கம்பக்கத்து மக்கள் விடாமல் போராடியதன் பேரில், முன்பிருந்தபடியே திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது; 2021 இல் அது மறுபடி திறக்கப்பட்டது. "நாங்கள் அங்கே குடிக்க மட்டும் போவதில்லை. உன்னிடம் சாவி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பிறகு, வரும் வியாழக்கிழமை ஒரு பத்துப் பேரை அழைத்துவருகிறேன் என்று அவராகவே சொன்னார்.

பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டு மணிநேரம் பேசினோம். நான் பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்தேன். நிறத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. சுவரையொட்டிய இருக்கையில் உட்கார்ந்தால் தனியாக வந்தவரும் அறை முழுவதையும் பார்த்தபடி இருக்கலாம், யாரோடும் பேசாமலேயே எல்லோரோடும் இருக்கலாம், உயர மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தனிமை இரட்டிப்பாகிறது என்று ஒரு பெண்மணி சொன்னார். விளக்கு மருத்துவமனையை நினைவூட்டுகிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். கடிகாரத்தை நான் சரியான நேரத்துக்குத் திருத்திவைத்ததும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புவது அவர்களுடைய பழக்கம். பிடித்தவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்கள்: கழிவறை, வாசலில் போட்ட சாய்தளம், உள்ளே இருப்பவர்கள் தெரியும்படி கீழ்ச் சன்னலில் மாற்றிய தெளிந்த கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பிறகுதான் தனியாக உள்ளே வரத் தயக்கம் போயிற்று என்றார்கள் இரண்டு பெண்கள்.

திருத்தும் வேலையைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினேன். 4000 கெல்வின் வெள்ளை விளக்குகளை எடுத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகளைப் போட்டு, மங்கலாக்கும் சுவிட்சும் வைக்க 340 பவுண்டு ஆனது; அந்த ஒரே இரவில் அறை மாறிவிட்டது. மேசைகளின் அடிப்புறத்திலும் கூரையிலும் ஓசை உறிஞ்சும் பலகைகளை ஒட்டினோம். பாதி அறைக்குக் கம்பளம் திரும்பியது. டார்ட்ஸ் கோட்டிலிருந்த மேசையை எடுத்தேன். மர இருக்கைகளை நான் பழைய மரச்சாமான் வாங்குபவரிடம் 150 பவுண்டுக்குக் கொடுத்திருந்தேன். நல்ல வேளையாக அவரிடம் இன்னும் இருந்தன, ஆனால் திரும்ப வாங்க 900 கொடுத்தேன். எடுத்ததை எறியவோ விற்கவோ வேண்டாம், ஓராண்டாவது எங்காவது அடுக்கிவையுங்கள் என்பதை நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். அதேபோல் மொத்தமாகக் கதவைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றவும் வேண்டாம். இன்னொரு முறை செய்வதாக இருந்தால் முதல் பணத்தைக் கழிவறைக்கும், நிலவறைக் குளிரூட்டிக்கும், சமையலறைப் புகைபோக்கிக்கும் கொடுப்பேன். கூடத்தைப் பாதிப் பாதியாக, ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு மாதம் இடைவெளி விட்டுச் செய்வேன்.

இப்போது வாரத்துக்கு 7,100 பவுண்டு வரை ஏறியிருக்கிறது. கடனை முடிக்க இன்னும் இரண்டரை ஆண்டு ஆகும். டார்ட்ஸ் குழு முழுவதும் திரும்பவில்லை; ஐந்து பேர் வந்திருக்கிறார்கள், அவர்களோடு புதிதாகக் குடிவந்த இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுவாகியிருக்கிறார்கள். பெரியவர் மூலைக்கு வந்துவிட்டார். கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. பின்னறையின் கூரை ஒழுகுவதால் வரும் வசந்தத்தில் அதைத் தொட்டே ஆக வேண்டும். உரிமையாளரின் எழுத்து அனுமதி வந்துவிட்டது, கல்நார் ஆய்வும் முடிந்துவிட்டது. அந்த வேலைக்கான வரைபடத்தை டார்ட்ஸ் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை பதினேழு குறிப்புகள் விழுந்திருக்கின்றன. வரைபடத்தில் பின்கதவுக்கு அருகே வரைந்திருந்த ஒரு மேசையை யாரோ பென்சிலால் அடித்துவிட்டு, சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.